ஹிட்லர் ரஷ்யாவோடு மட்டும் மோதியிருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார்: ஜெர்மனி மேற்குப் பக்கமே போகாமல் நேராக சோவியத் யூனியனை மட்டும் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்பவர்கள் மாறினாலும் அதன் பின்னால் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே கொடுத்திருக்கிறேன். நடக்காத விஷயம் என்பதால் "இருந்திருக்கும்" என்று வருகிற இடமெல்லாம் என் கணிப்பு. தேதியோடும் எண்ணோடும் வருவது நடந்தது.

முதலில், "ரஷ்யாவோடு மட்டும்" என்றால் எந்த வருஷத்தில் கதையை மாற்றுகிறோம்?

இதைத் தீர்மானிக்காமல் பேச ஆரம்பித்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம், ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒருவர் 1939-ஐ மனதில் வைத்துப் பேசுவார், எதிரில் இருப்பவர் 1941-ஐ வைத்துப் பதில் சொல்வார்.

மாற்றுவதற்கு மூன்று இடங்கள் இருக்கின்றன. முதல் வழி: 1938-39-ல் போலந்து ஜெர்மனியின் கூட்டாளியாகிறது, இருவரும் சேர்ந்து கிழக்கே போகிறார்கள். இரண்டாம் வழி: ஜெர்மனி போலந்தை அடிக்கிறது, பிரிட்டனும் பிரான்சும் கண்டுகொள்ளவில்லை, சண்டை அப்படியே ரஷ்யாவுக்குள் நகர்கிறது. மூன்றாம் வழி: 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரிட்டன் சமாதானத்துக்கு ஒப்புக்கொள்கிறது, 1941-ல் ஜெர்மனி பின்பக்கத் தொல்லை இல்லாமல் ரஷ்யா மீது பாய்கிறது. இனி வரும் பதில்களில் இந்த எண்களையே சொல்கிறேன்.

போலந்தை எதற்கு இழுக்க வேண்டும்? ஜெர்மனியிலிருந்து நேராக ரஷ்யாவுக்குள் போக முடியாதா?

முடியாது. 1939 செப்டம்பருக்கு முன் இரண்டு நாட்டுக்கும் பொது எல்லை கிடையாது. சோவியத் யூனியனின் மேற்கு எல்லையில் பின்லாந்து, எஸ்தோனியா, லாட்வியா, போலந்து, ருமேனியா வரிசையாக நின்றன. ஜெர்மனியின் கிழக்குக் கோடியான கிழக்கு பிரஷ்யாவுக்கு லிதுவேனியாவும் போலந்தும்தான் பக்கத்து நாடுகள். லிதுவேனியா, லாட்வியா வழியாகப் பால்டிக் கடலோரம் ஒரு பாதை உண்டு என்று சிலர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள். லட்சக்கணக்கான படையை அந்த இடுக்கில் அனுப்பிவிட்டு, வலப்பக்கம் போலந்து சும்மா நிற்கும் என்று நம்ப வேண்டும். எந்தத் தளபதியும் நம்பமாட்டார்.

பொது எல்லை உருவானதே போலந்தை ஹிட்லரும் ஸ்டாலினும் பங்கு போட்ட பிறகுதான். 1939 ஆகஸ்ட் 23-ல் மாஸ்கோவில் இருவருக்கும் இடையே கையெழுத்தான ஒப்பந்தத்தின் ரகசிய இணைப்பு அதற்கு வழி செய்தது. செப்டம்பர் 1-ல் ஜெர்மனி மேற்கிலிருந்தும், 17-ல் செஞ்சேனை என்ற சோவியத் படை கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் புகுந்தன.

ஹிட்லரின் உண்மையான குறி ரஷ்யாதானே? அப்புறம் ஏன் பிரான்ஸ், பிரிட்டன் என்று அலைந்தார்?

குறி ரஷ்யாதான். ஜெர்மானியர்கள் பரவி வாழ நிலம் கிழக்கில்தான் இருக்கிறது என்று 1920களிலேயே எழுதி வைத்துவிட்டார். பிரிட்டனோடு அவர் விரும்பியது ஒருவிதப் பாகப்பிரிவினை: கடல் உனக்கு, கண்டம் எனக்கு. 1935 ஜூனில் செய்த கடற்படை ஒப்பந்தத்தில், பிரிட்டிஷ் கடற்படையில் 35 சதவீதத்துக்கு மேல் கட்டமாட்டோம் என்று ஒப்புக்கொண்டதும் அந்தக் கணக்கில்தான்.

பிரான்ஸ் விஷயம் வேறு. முதல் உலகப்போரில் இரு முனைகளில் மாட்டிக்கொண்டு கடல் முற்றுகையில் பட்டினி கிடந்த தலைமுறை அது. முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சுப் படை முழுசாக நிற்கும்போது கிழக்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் உள்ளே போவது தற்கொலை என்பதில் ஹிட்லருக்கும் தளபதிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால் மேற்கை முடித்துவிட்டுக் கிழக்கே போவது என்பது அவர்களைப் பொறுத்தவரை ஒரே திட்டத்தின் இரண்டு கட்டங்கள். நாம்தான் அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறோம்.

போலந்தும் கம்யூனிஸ்ட் எதிரிதானே, கூட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கலாமே?

முயற்சி செய்தார்கள், நிஜமாகவே. 1934 ஜனவரியில் ஜெர்மனியும் போலந்தும் பத்தாண்டுகளுக்குத் தாக்குதல் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டிருந்தன. 1938 அக்டோபரில், செக்கோஸ்லோவாகியாவில் ஜெர்மானியர் வாழும் பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் உடன்பாடு முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் போலந்துத் தூதர் லிப்ஸ்கியிடம் ஒரு பேரம் வைத்தார். டான்சிக் நகரம் ஜெர்மனிக்குத் திரும்ப வேண்டும். போலந்து நிலத்தின் குறுக்கே ஜெர்மனியின் அதிகாரத்தில் ஒரு சாலையும் ரயில் பாதையும் வேண்டும். கம்யூனிச எதிர்ப்பு ஒப்பந்தத்தில் போலந்து சேர வேண்டும். பதிலுக்கு, தாக்குதல் தவிர்ப்பு ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படும்.

1939 ஜனவரியில் போலந்து வெளியுறவு அமைச்சர் யோசெஃப் பெக்கை ஹிட்லரே பெர்க்டெஸ்காடனுக்கு அழைத்துப் பேசினார். அதே மாதம் ரிப்பன்ட்ராப் வார்சாவுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். போலந்தின் கொள்கை, இரண்டு ராட்சதர்களில் யாரோடும் சேராமல் நடுவில் நிற்பது. ஜெர்மன் படை ரஷ்யாவுக்குப் போகிற வழியில் போலந்துக்குள் வந்தால், சண்டை முடிந்ததும் வெளியேறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆறு மாதத்துக்கு முன் செக்கோஸ்லோவாகியாவுக்குச் சொன்ன உத்தரவாதம் மார்ச் 15-ல் பிராக் நகரில் ஜெர்மன் டாங்கிகளோடு செத்துப்போனதை உலகமே பார்த்தது.

முதல் வழி அதனால் பேப்பரில் அழகாக இருக்கும், நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வார்சாவில் வேறொரு அரசாங்கம் இருந்திருக்க வேண்டும், பெர்லினில் வேறொரு ஹிட்லர் இருந்திருக்க வேண்டும்.

பிரிட்டன் எதற்கு போலந்துக்காகச் சண்டைக்கு வந்தது? இரண்டு பேரும் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று விட்டிருக்கலாமே?

லண்டனில் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் சண்டை வந்தே தீருமென்றால் அது நாஜிகளுக்கும் போல்ஷிவிக்குகளுக்கும் நடுவில் நடக்கட்டும் என்ற பொருளில் பிரதமர் பால்ட்வின் 1936 ஜூலையில் பேசியது பதிவில் இருக்கிறது. 1937 நவம்பரில் ஹிட்லரைச் சந்தித்த பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், கம்யூனிசத்துக்கு எதிரான அரண் என்று ஜெர்மனியைப் புகழ்ந்துவிட்டு வந்தார்.

எல்லாவற்றையும் மாற்றியது பிராக். அதுவரை ஜெர்மானியர் வாழும் பகுதிகளைத்தான் கேட்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. செக் மக்களின் தலைநகரில் படை இறங்கியதும் அந்தச் சால்ஜாப்பும் போனது. பதினாறே நாளில், மார்ச் 31 அன்று, போலந்துக்கு உத்தரவாதம் தருவதாகப் பிரதமர் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். போலந்தின் மேல் பாசம் பொங்கியதால் அல்ல. பல நூற்றாண்டுகளாக பிரிட்டனின் கொள்கை, ஐரோப்பியக் கண்டம் முழுவதும் ஒரே கைக்குப் போகக் கூடாது என்பதுதான். உக்ரைன் கோதுமையும், காஸ்பியன் கரையில் இருக்கும் பாக்கு நகரத்துப் பெட்ரோலிய எண்ணெயும் ஜெர்மனி கைக்குப் போனால் பிரிட்டனின் கடல் முற்றுகைக்குப் பொருளே இருக்காது. சண்டையில் யார் தோற்பார்கள் என்பதைவிட, ஜெயித்தவன் எவ்வளவு பெரியவனாக வெளியே வருவான் என்பதுதான் அவர்கள் கவலை.

பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் ஒப்பந்தம் இருந்ததாமே?

இருந்தது, 1935 மே மாதம் கையெழுத்தானது. ஆனால் யார் எத்தனை படை, எங்கே அனுப்புவது என்ற ராணுவ உடன்படிக்கை அதோடு சேரவே இல்லை. அதை மட்டும் நம்பி பிரான்ஸ் 1939-ல் ரஷ்யாவுக்காகச் சண்டையில் இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போலந்தைத் தொடாமல் ரஷ்யாவை அடைய முடியாது என்பதால், இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும் முட்டுக்கட்டை.

சரி, 1940-ல் பிரிட்டன் சமாதானத்துக்கு இறங்கி வந்திருந்தால்?

மூன்று வழிகளில் நடந்திருக்கக்கூடியது இதுதான். மயிரிழையில் தவறியது என்றே சொல்லலாம். 1940 மே 26 முதல் 28 வரை, பிரான்சின் டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் படை சிக்கிக் கிடந்தபோது, பிரிட்டிஷ் போர் அமைச்சரவையில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. இத்தாலி மூலமாக என்ன நிபந்தனை கிடைக்கும் என்று கேட்டாவது பார்க்கலாம் என்றார் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹாலிஃபாக்ஸ். கேட்க ஆரம்பித்தாலே இறங்கத் தொடங்கிவிடுவோம் என்றார் சர்ச்சில். சர்ச்சில் பிரதமராகி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. கட்சிக்குள் பலர் அந்தப் பதவிக்கு விரும்பியது ஹாலிஃபாக்ஸைத்தான்.

ஜூலை 19-ல் ஹிட்லர் நாடாளுமன்றத்தில் பேசி, பிரிட்டனுக்குச் சமாதான அழைப்பு விடுத்தார். அதை ஜூலை 22-ல் வானொலியில் நிராகரித்தவர் யார் தெரியுமா? அதே ஹாலிஃபாக்ஸ். மே மாதத்தில் திறந்திருந்த கதவு ஜூலையில் சாத்தப்பட்டுவிட்டது. கதையை மாற்ற விரும்புகிறவர்கள் அந்த மே மாதக் கடைசி மூன்று நாளில் மாற்றுவதே நல்லது.

ருடால்ஃப் ஹெஸ் விமானத்தில் பறந்து போனதும் இதற்காகத்தானே?

அவர் மனதில் அதுதான் இருந்தது. நாஜிக் கட்சியில் ஹிட்லருக்குத் துணைத் தலைவராக இருந்த அவர், 1941 மே 10 இரவு தனியாக ஓட்டிக்கொண்டு போய் ஸ்காட்லாந்தில் பாராசூட்டில் குதித்தார். ஹிட்லர் அனுப்பினார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. பெர்லின் அவரைப் புத்தி பேதலித்தவர் என்றது, லண்டன் சிறையில் போட்டது. இதன் மேல் மாற்று வரலாறு கட்டுவது வீண் வேலை.

மேற்கே இருந்த படையையும் சேர்த்து முழுசாக ரஷ்யாவில் இறக்கியிருந்தால் மாஸ்கோ விழுந்திருக்காதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டியதும் இதுதான். 1941 ஜூன் 22-ல் சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள், ஏறத்தாழ 150 டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்), எல்லையைக் கடந்தார்கள். மேற்கில் மீதமிருந்தவை நாற்பதுக்கும் குறைவு, அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் தரக் காவல் படைகள். ஆக, ஜெர்மனி தன் படையில் பெரும்பகுதியை ஏற்கனவே கிழக்கில்தான் இறக்கியிருந்தது. ஆள் போதாமல் மட்டும் மாஸ்கோ தப்பவில்லை.

சிக்கல் தண்டவாளத்தில் இருந்தது. ஐரோப்பிய ரயில் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யப் பாதை 1,524. அந்த ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தண்டவாளத்தை ஆணி பிடுங்கி நகர்த்தி அடிக்க வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை. ரஷ்ய எஞ்சின்கள் பெரியவை, அதிகத் தண்ணீர் சுமப்பவை, அதனால் அங்கே தண்ணீர் நிரப்பும் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. சின்ன ஜெர்மன் எஞ்சின்கள் அடுத்த நிலையம் வரை தாங்கவில்லை. குளிர் வந்ததும் அவற்றின் வெளிப்புறக் குழாய்கள் உறைந்து வெடித்தன. ரயில் முனையைத் தாண்டினால் லாரி, லாரியும் இல்லாத இடத்தில் குதிரை வண்டி. நவீனப் போர் என்று நாம் நினைக்கும் அந்தப் படையெடுப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் போயின.

ஜூலை நடுவில் ஸ்மோலென்ஸ்க். அதிலிருந்து மாஸ்கோ 400 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அங்கே பல வாரம் நின்றதற்கு ஹிட்லரும் தளபதிகளும் சண்டை போட்டது ஒரு காரணம் என்றால், பெட்ரோலும் குண்டும் வந்து சேராதது இன்னொரு காரணம். இந்த நிலையில் இன்னும் முப்பது டிவிஷன்களை அனுப்பினால்? ஒரே குழாயடியில் இன்னும் முப்பது பேர் குடத்தோடு வரிசையில் நின்ற கதைதான், தண்ணீர் கூடுதலாக வராது.

மாஸ்கோ விழுந்திருந்தால் ஸ்டாலின் சரணடைந்திருப்பாரா?

அதற்கான ஏற்பாடு எதுவும் தெரியவில்லை, எதிர்மாறான ஏற்பாடுதான் நடந்தது. 1941 அக்டோபர் நடுவில் அமைச்சகங்களும் தூதரகங்களும் வோல்கா கரையில் இருக்கும் குய்பிஷெவ் நகரத்துக்கு அனுப்பப்பட்டன. லெனினின் உடல் ஜூலையிலேயே சைபீரியாவின் தியூமெனுக்குப் போய்விட்டது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை மூட்டை கட்டி யூரல் மலைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோனார்கள். அக்டோபர் 16-ல் மாஸ்கோவில் பீதி பரவி மக்கள் ரயில் நிலையங்களில் முண்டியடித்தது உண்மை. ஸ்டாலின் நகரத்திலேயே தங்கிவிட்டார்.

அதற்காக மாஸ்கோ போனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. சோவியத் ரயில் பாதைகள் பெரும்பாலும் வந்து சேரும் முடிச்சு அந்த நகரம். அது போயிருந்தால் லெனின்கிராட் பக்கத்துக்கும் தெற்குக்கும் படையை மாற்றி மாற்றி அனுப்புவது பெரும்பாடாகியிருக்கும். போர் நீண்டிருக்கும், இன்னும் கொடூரமாகியிருக்கும். முடிந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

மேற்கே சண்டையே போடாமல் இருந்தால் ஜெர்மனி இன்னும் பலமாகத்தானே இருந்திருக்கும்? பிரான்சில், பிரிட்டன் வானத்தில் இழந்ததெல்லாம் மிச்சம் ஆகியிருக்குமே?

முதல் இரண்டு வழிகளை விரும்புகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். விமானப் படையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பிரிட்டன் மீதான வான்போரில் போன விமானங்களும் அனுபவசாலி விமானிகளும் 1941-ல் கிழக்கே உதவியிருப்பார்கள்.

தரைப்படைக்கு வந்தால் கணக்குத் தலைகீழ். ரஷ்யாவை அடித்த ஜெர்மன் படை, பிடித்த நாடுகளின் சொத்தில் ஓடிய படை. 1940-ல் இருந்த பத்து பான்சர் (டாங்கி) டிவிஷன்களில் மூன்று, செக்கோஸ்லோவாகியாவில் தயாரான டாங்கிகளை நம்பியிருந்தன. ஜெர்மன் தளபதி ரோமெல் பிரான்சுக்குள் ஓட்டிப்போனதும் அவற்றைத்தான். ரஷ்யாவில் புகுந்த பல டிவிஷன்களில் பிரெஞ்சு லாரிகள் ஓடின. ஆக்கிரமிப்புச் செலவு என்ற பெயரில் பிரான்ஸ் தினமும் 2 கோடி மார்க் கட்டியது. கேலிக்கூத்து என்னவென்றால், சோவியத் யூனியனும் இந்தப் படையை வளர்த்தது. ஒப்பந்த காலத்தில் ஸ்டாலின் அனுப்பிய தானியம் சுமார் 15 லட்சம் டன், எண்ணெய் சுமார் 9 லட்சம் டன். தாக்குதல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்புகூட ரஷ்யத் தானிய ரயில் எல்லையைக் கடந்து ஜெர்மனிக்குள் போனது.

இவை எதுவும் இல்லாத 1939 ஜெர்மனியைப் பாருங்கள். சுமார் 3,000 டாங்கிகளில் பெரும்பாலானவை முதல், இரண்டாம் ரக பான்சர்கள். முதல் ரகத்தில் பீரங்கியே கிடையாது, இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்தான். கஜானாவும் காலி. இப்படிச் செலவு செய்தால் நாணயம் நொறுங்கிவிடும் என்று மத்திய வங்கியின் இயக்குநர்கள் 1939 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார்கள். வங்கித் தலைவர் ஷாக்டைப் பதவியிலிருந்து தூக்கியதுதான் அதற்குக் கிடைத்த பதில். மேற்கைக் கொள்ளையடிக்காமல் கிழக்குப் போருக்கு முதலீடு எங்கிருந்து வரும் என்பதுதான் முதல் இரண்டு வழிகளிலும் பதில் கிடைக்காத கேள்வி.

ஆனால் 1939-ல் செஞ்சேனையும் நோஞ்சானாகத்தானே இருந்தது?

ஆமாம். 1937-38 களையெடுப்பில் படையின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஐந்து மார்ஷல்களில் மூன்று பேரை ஸ்டாலின் ஒழித்துக்கட்டியிருந்தார், துகாசெவ்ஸ்கி உட்பட. 1939 நவம்பர் கடைசியில் குட்டி நாடான பின்லாந்தை அடிக்கப்போய், மூன்றரை மாதம் பனியில் அவமானப்பட்டு மார்ச்சில்தான் கரையேறினார்கள். ஆனால் அதே 1939 ஆகஸ்டில் மங்கோலிய எல்லையில், கல்கின் கோல் என்ற இடத்தில், சோவியத் தளபதி ஜுக்கோவ் டாங்கிகளை வைத்து ஜப்பானியப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினார். தளபதி சரியாக அமைந்தால் அந்தப் படை என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று, 1941-ல் செஞ்சேனை அப்படிச் சிதறியதற்கு ஒரு காரணம், இரண்டே ஆண்டில் 20 லட்சத்துக்கும் குறைவிலிருந்து சுமார் 50 லட்சத்துக்கு ஊதிப் பெருத்து, பாதி ஒழுங்காகாத நிலையில் மாட்டிக்கொண்டது. 1939-ல் அது சிறியது, ஆனால் இவ்வளவு குழப்பத்தில் இல்லை. இரண்டு நோஞ்சான்கள் மோதியிருந்தால், மேலே சொன்ன தண்டவாளக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஸ்மோலென்ஸ்க்கை எட்டுவதே ஜெர்மனிக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அமெரிக்காவும் பிரிட்டனும் உதவாமல் ரஷ்யா தாங்கியிருக்குமா?

மூன்றாம் வழியின் உயிர்நாடி இந்தக் கேள்வி. போரிடும் நட்பு நாடுகளுக்கு ஆயுதமும் பொருளும் கொடுத்த அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தில் ரஷ்யாவுக்குப் போனது சுமார் 1.75 கோடி டன் பொருள். அதில் லாரியும் ஜீப்புமாக 4 லட்சம் வாகனங்கள், சுமார் 2,000 ரயில் எஞ்சின்கள், விமான பெட்ரோல், டெலிபோன் கம்பி, டின்னில் அடைத்த இறைச்சி எல்லாம் அடக்கம். ஆனால் பெரும்பங்கு 1943-லும் அதற்குப் பிறகும் வந்தது. மாஸ்கோ வாசலில் ஜெர்மனியைத் தடுத்ததும், ஸ்டாலின்கிராடில் சுற்றி வளைத்ததும் பெரும்பாலும் சோவியத் கையிருப்பிலும் உற்பத்தியிலும்தான். 1942-ல் மட்டும் சுமார் 24,000 டாங்கிகள் செய்தார்கள், ஜெர்மனி செய்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆகவே தாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பெர்லின் வரை வந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். அந்த லாரிகள் இல்லாமல் 1944-ன் வேகமான முன்னேற்றம் இல்லை. பிரிட்டன் சமாதானமாகியிருந்தால், 1943-ல் ஜெர்மன் நகரங்களைக் காக்கத் திருப்பப்பட்ட சண்டை விமானங்களும் விமான எதிர்ப்பு பீரங்கிகளும் கிழக்கே நின்றிருக்கும். ஆயிரத்துக்கும் மேல் கட்டிய நீர்மூழ்கிகளின் இரும்பு டாங்கியாகியிருக்கும். எங்கோ நீப்பர் நதிக்கரையில் இரண்டு பேரும் ரத்தம் வடிந்து நிற்கும் நிலைதான் எனக்குத் தெரிகிறது.

அமெரிக்கா உதவியிருக்குமா? ஜெர்மனி படையெடுத்த இரண்டாம் நாள், ட்ரூமன் என்ற செனட்டர், ஜெர்மனி ஜெயிப்பதுபோல் இருந்தால் ரஷ்யாவுக்கு உதவுவோம், ரஷ்யா ஜெயிப்பதுபோல் இருந்தால் ஜெர்மனிக்கு உதவுவோம் என்று பேசியது பத்திரிகையில் வந்தது. பின்னாளில் ஜனாதிபதியானவர்தான். பிரிட்டன் களத்தில் இல்லாவிட்டால் அந்தக் குரல் இன்னும் ஓங்கியிருக்கும்.

ஜப்பான் சைபீரியா வழியாக வந்திருந்தால் கதை முடிந்திருக்குமே?

கல்கின் கோலில் வாங்கிய அடி அவர்களுக்கு மறக்கவில்லை. அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில் ஹிட்லர் தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்டாலினோடு கைகுலுக்கியதும் மறக்கவில்லை. 1941 ஏப்ரலில் ரஷ்யாவோடு நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தவிர, ஜப்பானுக்கு வேண்டியது எண்ணெய். அது அன்றைக்குக் கிடைத்த இடம் சைபீரியா இல்லை, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள். கடன்-குத்தகைப் பொருளில் ஏறத்தாழ பாதி, ஜப்பானின் கண்ணெதிரே, சோவியத் கொடி கட்டிய கப்பலில் விளாடிவோஸ்டாக்குக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்டாலின்தான் முதலில் அடிக்கத் தயாராக இருந்தார், ஹிட்லர் முந்திக்கொண்டார் என்கிறார்களே?

1941 மே நடுவில் ஜுக்கோவும் பாதுகாப்பு அமைச்சர் தீமோஷென்கோவும் முந்தித் தாக்கும் திட்டம் ஒன்றை வரைந்தது உண்மை. ஸ்டாலின் அதை ஏற்றுச் செயல்படுத்தினார் என்பதற்குச் சான்று இல்லை. ரஷ்யப் படையெடுப்புக்கான பார்பரோசா உத்தரவில் ஹிட்லர் கையெழுத்திட்ட தேதி 1940 டிசம்பர் 18, அதாவது அந்த வரைவுக்கு ஐந்து மாதம் முன்பு. கடைசி இரவு வரை தானிய ரயிலை அனுப்பிய ஆள் அடுத்த வாரம் படையெடுக்கவிருந்தார் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. நானும் ஏற்கவில்லை.

உக்ரைன்காரர்களை நல்லபடியாக நடத்தி, ஸ்டாலினுக்கு எதிராகச் சேர்த்துக்கொண்டிருந்தால் ஜெயித்திருக்கலாமே?

கேட்க நியாயமாக இருக்கும். கூட்டுப்பண்ணைக் கொடுமையிலும் 1932-33 பஞ்சத்திலும் லட்சக்கணக்கில் இழந்த கிராமங்களில், ஜெர்மானியர்களை ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்றவர்கள் இருந்தார்கள். 1941 ஜூன் 30-ல் லிவிவ் நகரில் உக்ரைன் தேசியவாதிகள் தனி அரசு என்று அறிவித்தார்கள். அவர்கள் தலைவர் பண்டேராவை ஜெர்மானியர்கள் சில நாளிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஏன் என்றால், இந்தப் போரின் நோக்கமே அந்த நிலம், அந்த மக்கள் இல்லாமல். 1941 மே 2 அன்று பெர்லினில் கூடிய உயரதிகாரிகள் ஒரு கணக்கைப் பதிவு செய்தார்கள்: படை ரஷ்ய உணவைத் தின்ன வேண்டும், அதனால் பல கோடிப் பேர் பட்டினியில் சாவார்கள். தவறிப்போய் நடக்கும் என்றில்லை, திட்டமாகவே. உணவுத் துறையின் ஹெர்பர்ட் பாக்கே அதன் மூளை. சிறைபிடிக்கப்பட்ட சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்களில் 33 லட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பசியிலும் குளிரிலும். கம்பிவேலிக்குள் திறந்தவெளியில், மண்ணைக் கையால் தோண்டிக் குழியில் படுத்தார்கள். கருணையோடு நடத்தும் ஜெர்மனியைக் கற்பனை செய்தால், அந்த ஜெர்மனி இந்தப் போரையே தொடங்கியிருக்காது.

அப்படியானால் ரஷ்யாவோடு மட்டும் போர் என்றால் யூதப் படுகொலை நடந்திருக்காதா?

இதை நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு, ஹிட்லரைக் கொஞ்சம் வெள்ளையடிக்கக் கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் ஒன்றுதான். யூத சமூகங்களை ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் மொத்தமாகச் சுட்டுக்கொல்வது தொடங்கியதே சோவியத் மண்ணில்தான், 1941 கோடையில். கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 பேர். அந்த எண் கொன்றவர்களே அனுப்பிய அறிக்கையில் இருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் சோவியத் பகுதிகளில் 5 லட்சத்துக்கும் மேல்.

மேற்கில் போர் இல்லாவிட்டால் பிரான்ஸ், ஹாலந்து நாட்டு யூதர்கள் தப்பியிருக்கலாம். கிழக்கில் இருந்தவர்களுக்கு எந்த வழியிலும் தப்பும் வழி தெரியவில்லை.

இதில் இந்தியாவுக்கு, நம்மவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

1939 செப்டம்பர் 3-ல் யாரையும் கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கினார். அதைக் கண்டித்து காங்கிரஸ் அரசுகள் விலகின, சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை அக்டோபர் இறுதியில் வெளியேறியது. முதல் இரண்டு வழிகளில் இது எதுவும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி ஏகாதிபத்தியப் போர் என்பதிலிருந்து மக்கள் போர் என்பதற்கு மாறிய சங்கடமும் இல்லை.

அதைவிட நேரடியான பாதிப்பு கடலுக்கு அப்பால். பிரான்சும் ஹாலந்தும் வீழ்ந்ததால்தான் அவர்களின் ஆசியக் காலனிகள் காவலின்றிக் கிடந்தன, ஜப்பானுக்குத் தைரியம் வந்தது. அவை நின்றிருந்தால் 1942-ல் சிங்கப்பூர் விழுந்திருக்குமா என்பது சந்தேகம். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்கும், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தமிழர்களுக்கும் வேறு வாழ்க்கை அமைந்திருக்கலாம். சுதந்திரம் 1947-லேயே வந்திருக்குமா என்பதும் அந்தக் கணக்கில் ஆடும்.

கணினி விளையாட்டில் நான் ரஷ்யாவைப் பிடித்தேனே, சுலபமாகத்தான் இருந்தது?

வாழ்த்துகள். அடுத்த முறை ஆட்டத்தில் ரயில் பாதையின் அகலத்தையும், அக்டோபர் சேற்றையும், குதிரைக்குத் தீவனத்தையும் சேர்க்க முடிந்தால் சேர்த்து ஆடிப்பாருங்கள்.

சரி, ஜெயித்தார் என்றே வைத்துக்கொள்வோம். ரஷ்யா கிடைத்ததும் ஹிட்லர் அடங்கியிருப்பாரா?

அவர் உத்தரவுகளையே படிப்போம். பார்பரோசாவின் எல்லை ஆர்க்காங்கெல்ஸ்க்கிலிருந்து வோல்கா வரை ஒரு கோடு. அதற்கு அப்பால் யூரலில் மிஞ்சும் தொழிற்சாலைகளை விமானம் கவனித்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறது. அதாவது ஜெயித்தால்கூட, தோற்காத ஒரு ரஷ்யா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும், எல்லையில் சண்டை ஓயாது.

1941 ஜூன் 11-ல், படையெடுப்பு தொடங்கவே பதினொரு நாள் இருந்தபோது, அடுத்த கட்டத்துக்கான வரைவு தயாரானது: காகசஸ், துருக்கி, லிபியா வழியாக மத்தியக் கிழக்கு. ஜூலை 14-ல், ரஷ்யா முடிந்த கதை என்று நினைத்து, ஆயுத உற்பத்தியைத் தரைப்படையிலிருந்து விமானத்துக்கும் நீர்மூழ்கிக்கும் திருப்பச் சொன்னார். அவை ரஷ்யாவை அடிக்கும் ஆயுதங்கள் அல்ல, பிரிட்டனையும் அமெரிக்காவையும் அடிப்பவை. அதற்கும் முன்னால், பிப்ரவரி 17-ல், ரஷ்யா முடிந்ததும் ஆப்கானிஸ்தானில் படையைக் குவித்து இந்தியாவைக் குறிவைப்பது எப்படி என்று ஆராயும்படி தன் தலைமையகத்திடம் கேட்டிருந்தார்.